எழுதப்படாத அச்சம்: வடபுல முஸ்லிம் எழுத்துகள் பற்றி ஒரு பார்வை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். அவற்றுள் அழுகை, அச்சம் என்ற இரண்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு மெய்ப்பாடும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பது அவருடைய கணக்கு. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. இருந்ததை இழப்பது இழவு. முன்னைய நிலை கெட்டுத் தாழ்ந்து வருந்துவது அசைவு. அச்சத்துக்கு அணங்கையும் விலங்கையும் கள்வரையும் சொல்லிவிட்டு நாலாவதாகத் 'தம் இறை'யை வைக்கிறார். தம்மை ஆள்பவர், தமக்கு மேலே அதிகாரத்தோடு இருப்பவர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

பட்டப்படிப்பில் இதை மனனம் செய்து பரீட்சை எழுதிய காலத்தில் 'தம்' என்ற அந்தச் சின்னச் சொல்லில் நான் நின்று யோசிக்கவில்லை. பேயும் மிருகமும் திருடனும் வெளியிலிருந்து வருபவை. நாலாவது பயம் உள்ளேயிருந்து, எங்கட ஆக்கள் என்று நாம் எண்ணியிருந்தவர்களிடமிருந்து வருவது. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து, பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது.

வடபுல முஸ்லிம்கள் 1990க்குப் பிறகு எழுதியவற்றில் அழுகை நிறைய உண்டு. அச்சம் மிகக் குறைவு. எழுதாமல் விட்ட அச்சம் தானாகப் போய்விடவில்லை. முப்பத்தைந்து வருடம் கழித்தும் எங்கள் வீடுகளில் பல முடிவுகளை அதுதான் எடுக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

நாம் எழுதியவை

நடந்தது இவ்விதழின் வாசகருக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். சாவகச்சேரியில் இருந்தவர்கள் மாத நடுவிலேயே போகவேண்டியதாயிற்று. யாழ்ப்பாண நகரில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி. ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். சோனகதெருவும் ஐந்து சந்தியும் அன்று பின்னேரத்துக்குள் வெறுமையாயின.

இந்த இழப்பைப் பாடிய கவிஞர்கள் நம்மிடையே உண்டு. முல்லை முஸ்ரிபாவின் 'அவாவுறும் நிலம்', யாழ் அஸீமின் 'மண்ணில் வேரோடிய மனசோடு' ஆகிய தலைப்புகளே மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. இந்தக் கவிதைகள் இல்லாவிட்டால் நம் பிள்ளைகளுக்கு ஊர் என்பது வெறும் பதிவுக் காகிதமாகப் போயிருக்கும். அந்தக் கடனை மறந்து நான் இதை எழுதவில்லை. பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் போன்றோர் பல்லாண்டு சேகரித்த தரவுகளும், வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையும் இன்னொரு பக்கத்தில் இருக்கின்றன. சாட்சியம் சொல்லப் போன சாதாரண மனிதர்கள் ஆணைக்குழுவின் முன்னால் வாய் திறந்தார்கள். இலக்கியம் அந்த அளவுக்குத் திறந்ததா என்பதே என் கேள்வி.

ஒக்டோபர் தோறும் வரும் நினைவு மலர்களைப் புரட்டுங்கள். கிணறு, முற்றம், முருங்கை, பள்ளிவாசல் ஹவ்ழு, பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பு. எல்லாம் இழவு. பிறகு புத்தளத்தின் கிடுகுக் கொட்டில், தண்ணீர் வரிசை, நிவாரண அட்டை. இவை அசைவும் வறுமையும். இளிவும் இடைக்கிடை வரும். தொல்காப்பியர் அழுகைக்கு வகுத்த நான்கு களங்களையும் நாம் ஒழுங்காக நிரப்பியிருக்கிறோம். அச்சத்தின் பக்கம் வரும்போது மட்டும் எழுத்து மங்கிவிடுகிறது. வெளியேற்றியவர்களைச் சில கவிதைகள் மிருகமாக்குகின்றன, சில கொள்ளையராக்குகின்றன, சில ஊழிக்காற்று, இருள் என்று சொல்லி ஆளையே இல்லாமற் செய்துவிடுகின்றன. விலங்கு, கள்வர், அணங்கு என்ற முதல் மூன்று களங்களும் வந்துவிட்டன. நாலாவது களம் காலியாகவே கிடக்கிறது.

நாலாவதை எழுதுவது ஏன் கடினம்? அவர்கள் தெரிந்த வீட்டுப் பொடியன்களாக இருந்தார்கள். எண்பதுகளில் எங்கள் இளைஞர்களும் தமிழ் இயக்கங்களில் சேர்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த உம்மாமார் உண்டு. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது யாழ்ப்பாணத்து வீடுகளில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். "அது கிழக்கில, இஞ்ச அப்பிடி வராது" என்று சொன்னார்கள். ஓகஸ்டுக்கும் ஒக்டோபருக்கும் இடையிலிருந்த அந்த மூன்று மாதத்தை விரித்து எழுதிய ஒரு சிறுகதையும் என் கண்ணில் படவில்லை. எங்கள் இலக்கியத்தில் ஒலிபெருக்கிதான் முதல் சத்தம். அதற்கு முன்பு காதில் விழுந்ததெல்லாம் எழுத்துக்கு வரவில்லை.

என்னுடைய கட்டுரை

குறை சொல்ல ஒருவரின் எழுத்தை எடுத்து வைக்கவேண்டும் என்றால் என்னுடையதையே வைக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நினைவு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதினேன். வாசித்தவர்கள் கண்கலங்கினார்கள், எனக்கும் அது சந்தோசமாக இருந்தது. அண்மையில் எடுத்துத் திரும்ப வாசித்தேன். கிணறு இருக்கிறது, முருங்கை இருக்கிறது. ஒரு விசயம் மட்டும் இல்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. தங்கச்சிக்கு இரண்டு. வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவர்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வரவில்லை. எங்களிடம் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. உம்மா தங்கச்சியின் காதிலிருந்த தோட்டைத் தானே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முறை வந்ததும் கேட்கு முன்னமே நீட்டினார். வாங்கியவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. உம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கட்டுரையில் 'நகைகளையும் இழந்தோம்' என்று எழுதியிருக்கிறேன். இரண்டு சொல். அதில் பொய் இல்லை. ஆனால் நடந்ததும் அதில் இல்லை. கேட்கு முன்னமே கொடுத்ததை எழுத எனக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. துக்கத்தை எழுதினால் நாம் உயர்ந்து தெரிகிறோம். பயத்தை எழுதினால் சிறுத்துத் தெரிகிறோம் என்று நினைக்கிறோம். வாசகர் எதற்கு அழுவார் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்கு முன்னமே அதை எடுத்து நீட்டியிருக்கிறேன். உம்மா தோட்டை நீட்டியதும் நான் அந்தக் கட்டுரையை நீட்டியதும் ஒரே பயத்தில்தான்.

யாழ்ப்பாணத்தில் அச்சத்தை எழுதியவர்கள்

எழுத முடியாத காலம் அது என்று சமாதானம் சொல்ல முடியாது. நாங்கள் வெளியேறிய அதே மண்ணில், அதே ஆண்டுகளில் அச்சத்தைப் பெயர் சொல்லி எழுதியவர்கள் இருந்தார்கள்.

கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985இல் வந்தது. விடுதலைக்கென்று இயக்கத்துக்குப் போன இளைஞன் தன் சொந்த முகாமுக்குள்ளேயே சித்திரவதையைக் காண்கிறான். பக்கத்தில் படுத்திருக்கும் தோழனுக்குப் பயப்படத் தொடங்குகிறான். ஈழத்துப் புனைகதையில் தொல்காப்பியரின் நாலாவது களத்தை இவ்வளவு வெளிச்சத்தில் வைத்த முதல் நாவல் அதுதான் என்பேன். அதை எழுதியவரும் பின்னர் இயக்க வன்முறைக்கே பலியானார். பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் எழுதிய 'முறிந்த பனை' அரச படை, இந்தியப் படை, இயக்கங்கள் என்று ஒருவரையும் விடாமல், அவர்களுக்குக் கீழே மக்கள் எப்படி வாயடைத்துப் போனார்கள் என்பதைப் பதிந்தது. அந்த நால்வருள் ஒருவரான மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சிவரமணி யுத்தகாலத்து இரவுகள் பிள்ளைகளை என்ன செய்கின்றன என்று ஒரு கவிதை எழுதினார். அதில் பயம் என்று புலம்பல் இல்லை. தடியைத் துப்பாக்கியாக்கி விளையாடும் சிறுவர் வருகிறார்கள். நாய் குரைக்கும் விதத்தைக் கேட்டு நிலைமையை அறியவும், கேள்வி கேட்காமல் இருக்கவும் பழகிக்கொள்ளும் பிள்ளைகள் வருகிறார்கள். அச்சம் என்ற சொல்லுக்குப் பதிலாக அச்சத்தின் பழக்கவழக்கங்களை அவர் வைக்கிறார். அந்தக் கவிதையின் பலம் அங்கேதான் இருக்கிறது. அவர் 1991 மே 19ஆம் திகதி தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். மற்றவர்களிடம் இருந்தவையே நமக்குத் தப்பின. அதே ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் திகதி கவிஞர் செல்வி பிடித்துச் செல்லப்பட்டார். சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென் 1992இல் அவருக்கு விருது அறிவித்தபோதும் அவர் திரும்பவில்லை.

இவர்களைப் போல நாமும் சாகவேண்டும் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. அஞ்சவேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்று வள்ளுவரும் அறிவுடைமையில்தான் சொல்லி வைத்தார். மேடையில் பாரதி பாட்டைப் பாடிக் கையை முறுக்கும் வீரத்தைப் பற்றியும் நான் பேசவில்லை. தமிழ்த்தினப் போட்டிகளில் அதை நிறையக் கேட்டாயிற்று. இந்த நால்வரும் பயமற்றவர்கள் அல்லர். பயத்தை நேரே பார்த்து, அது எங்கேயிருந்து வருகிறது, தங்களை என்ன செய்கிறது என்று எழுதியவர்கள். இவர்கள் தமிழர், எங்கள் கதை வேறு என்று நாங்கள் ஒதுக்கிவிட்டோம். ஆனால் அவர்களை வாயடைக்கச் செய்ததும் எங்களைத் துரத்தியதும் ஒரே அதிகாரம். எங்களுக்குப் பக்கத்து வளவிலேயே எழுதிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து நாங்கள் பாடம் கேட்கவில்லை.

திரும்பி வந்த பிறகு

1995க்குப் பிறகு சிலர், 2002 சமாதான காலத்தில் இன்னும் சிலர், 2009க்குப் பிறகு கூடுதலானோர் என்று யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினோம். எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு "ஒரு பிரச்சினையும் இல்ல" என்பதே எங்கள் பதில். கேள்வியை முடிக்கவும் விடமாட்டோம். இதுவும் அந்தத் தோடுதான்.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த கிழமைகளை எல்லாரும் அறிவோம். அரபு எழுத்து உள்ள எதையும் வீட்டில் வைத்திருக்கப் பயந்து எரித்தவர்கள், கிணற்றில் போட்டவர்கள் உண்டு. என் அலுமாரியில் நுஃமான் தமிழாக்கிய 'பாலஸ்தீனக் கவிதைகள்' இருந்தது. 1981இல் வந்த தமிழ்ப் புத்தகம். பல்கலைக்கழகத்தில் நான் காதலித்துப் படித்த நூல். அதை எடுத்து அரிசிச் சாக்குக்குப் பின்னால் வைத்தேன். சோதனைக்கு ஒருவரும் வரவில்லை. வருவதாகச் சொல்லவும் இல்லை.

அடுத்த வருடம் நடந்தது என் பயத்துக்கு நியாயம் சொல்வது போல இருந்தது. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் கவிஞர், ஆசிரியர் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவருடைய 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்றார்கள். தமிழ் தெரிந்து வாசித்தவர்கள் அதில் வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளைக் கண்டார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை; 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒன்பது சுவைகளுள் பயமும் ஒன்று என்று கற்பிக்கும் ஒரு தலைப்பைப் பார்த்தே அதிகாரம் பயந்ததை என்னவென்று சொல்வது!

இங்கே நம் திறனாய்வாளர்களையும் கேட்கவேண்டும். அவர் உள்ளே இருந்த அந்தக் காலத்தில் 'நவரசம்' பற்றி, அது நல்ல கவிதையா இல்லையா என்று, நம்மில் எத்தனை பேர் ஒரு மதிப்புரை எழுதினோம்? நான் எழுதவில்லை. தொகுதியைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை. பாலஸ்தீனக் கவிதைகளைச் சாக்குக்குப் பின்னாலிருந்து எடுத்து அலுமாரியில் திருப்பி வைத்ததும் விடுதலைச் செய்தி வந்த பிறகுதான். இதைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை.

'தம் இறை' அரசோடும் இயக்கத்தோடும் முடிவதில்லை. ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித் 2012இல் வானொலிப் பேட்டியொன்றில் சொன்ன கருத்துக்காக மிரட்டப்பட்டு நாட்டைவிட்டே போக நேர்ந்தது. அந்தக் கருத்தோடு உடன்படாதவர் பலர் உண்டு. எனக்கும் கேள்விகள் உண்டு. கேள்வியைக் கேள்வியாக வைக்காமல் மிரட்டலாக வைத்தது நம்மவர்கள். ஒரு முஸ்லிம் பெண்ணையும் இரண்டு தமிழ்ப் பெண்களையும் நடுவில் வைத்து அவர் எழுதிய 'உம்மத்' நாவலை இலக்கியமாக விமர்சிக்க முதல், எழுதியவர் யார் என்று பார்த்து ஒதுங்கினோம். துரத்தப்பட்டவர்களுக்கும் துரத்தத் தெரியும். நம் எழுத்தாளர் மேசையில் இருக்கும்போது புலியும் இல்லை, பொலிசும் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற எண்ணம் மட்டும் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் நாம் கேட்கு முன்னமே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நாவின் முடிச்சு

பயத்தை எழுதுவது ஈமானுக்குக் குறைவு என்று ஒரு எண்ணம் நம்மிடையே உண்டு. மூஸா நபியின் வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. பிர்அவ்னிடம் போகும்படி கட்டளை வந்தபோது, தான் அவர்களில் ஒருவனைக் கொன்றிருப்பதால் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று அஞ்சுவதாக அல்லாஹ்விடமே அவர் சொல்கிறார். யாருக்குப் பயம், எதற்காகப் பயம், தான் முன்பு செய்தது என்ன என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்கிறார். அதன் பிறகு அவர் கேட்டது ஆயுதம் அல்ல. தன் நாவின் முடிச்சு அவிழவேண்டும் என்று கேட்டார். தன்னிலும் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூனைத் துணையாகக் கேட்டார். மேடையேறும் பிள்ளைகளுக்கு நாம் ஓதப் பழக்கும் துஆ அதுதான். அது பயத்தின் நடுவிலிருந்து பேச்சைக் கேட்ட துஆ என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை.

நம் எழுத்துக்கும் அந்த மூன்று கேள்விகளே உரைகல்லாக இருக்கலாம். யாருக்குப் பயந்தேன்? எதற்காக? பயத்தில் நான் என்ன செய்தேன்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத வெளியேற்றக் கதை இன்னும் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது.

போன வருடம் என் வகுப்பில் 'நான் பயந்த ஒரு நாள்' என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். நாய், இருட்டு, பல் வைத்தியர் என்று வந்தன. ஒரு பிள்ளை மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தது. வீட்டில் பெரியவர்கள் தொண்ணூறைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் உம்மா எழும்பிப் போய் ரிவியின் சத்தத்தைக் கூட்டுவா. அப்போது தனக்கு ஏனென்று தெரியாமல் பயம் வரும் என்று. அந்தப் பிள்ளை பிறந்தது சண்டை முடிந்த பிறகு. ஒலிபெருக்கியைக் கேட்கவில்லை, கிடுகுக் கொட்டிலைப் பார்க்கவில்லை. நாங்கள் எழுதாமல் விட்டதைத்தான் அது வாங்கி வைத்திருக்கிறது.

இந்தக் கட்டுரையைத் தொடங்கியபோது புத்தளத்தில் இருக்கும் உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, தோட்டுக் கதையை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்:

"எழுதுறண்டா சரியா எழுது மகள். ரெண்டு தோடும் குடுக்கல்ல. ஒண்டத்தான் குடுத்தன். மற்றப் பக்கம் புள்ள என்ர தோளில சாஞ்சு படுத்திருந்தா. அந்தக் காதக் காட்டாமலே கடந்து வந்திட்டன். கால் நடுங்கிச்சு. அத வித்துத்தான் இஞ்ச முதல் கொட்டிலுக்குக் கிடுகு வாங்கினது."

முப்பத்தைந்து வருடமாக எனக்கு இது தெரியாது. நான் கேட்டதில்லை. தொல்காப்பியர் பெருமிதத்துக்குச் சொன்ன நான்கு களங்களுள் தறுகண்ணும் ஒன்று. அஞ்சாமை என்று வகுப்பில் பொருள் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கால் நடுங்க நடுங்க ஒரு காதை மறைத்துக்கொண்டு கடந்து வந்த என் உம்மாவுக்கு அந்தப் பொருள் போதவில்லை. பயத்தை எழுதாமல் விட்டதால் இதையும் சேர்த்தே எழுதாமல் விட்டிருக்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். சொல்லக்கூடியவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. ரிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கவேண்டும்.